கல்லீரலின் எட்டு எண்கள்: குளோத் குவினோ வகுத்துக் கொடுத்த வரைபடம்

காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று போய் ஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் 'கல்லீரல் வலது மடல், செக்மென்ட் 7, சீழ்க்கட்டி 6 × 5 செ.மீ.' என்பதுபோல ஒரு வரி இருக்கும். எண்ணைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் சென்டிமீட்டர் கணக்கைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். கட்டி கல்லீரலின் எந்தத் துண்டில் இருக்கிறது என்று சொல்லும் அந்த 7-ஐக் கவனிக்க மாட்டார்கள். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ எடுத்த அதே ரிப்போர்ட்டைச் சேலத்திலோ பெங்களூரிலோ ஓர் அறுவை மருத்துவர் கையில் வாங்கினால், அவர் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். ஊசி போட்டுச் சீழை எடுப்பதானால் எந்த வழியாக, வெட்டி எடுப்பதானால் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு இருக்கும் என்பதையெல்லாம் அந்த ஒற்றை எண் சொல்லிவிடுகிறது.

இந்த எண்களை வகுத்தவர் குளோத் குவினோ (1922–2008). பிரான்ஸ் நாட்டுக்காரர், பாரிஸில் பணியாற்றிய அறுவை மருத்துவர், உடற்கூறியலில் ஊறியவர். 1954-இல் கல்லீரலின் மடல்களையும் செக்மென்ட்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1957-இல் கல்லீரலின் உடற்கூறியலையும் அறுவை மருத்துவத்தையும் ஒன்றாக வைத்து 500 பக்கங்களைத் தாண்டும் ஒரு நூலை வெளியிட்டார். இன்று தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் முதலாண்டு மாணவரும் ஓசூரில் ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்டும் சொல்வது அந்த நூலின் எண்களைத்தான்.

அவர் தீர்த்த சிக்கல் என்ன என்று முதலில் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் கல்லீரல் 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் அதற்குள் போய் வருகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. இவ்வளவு ரத்தம் ஓடும் உறுப்பில் கத்தியை எங்கே வைப்பது? நுரையீரலை எடுத்துக்கொண்டால் மடல்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் பிளவுகள் இருக்கின்றன. கல்லீரலில் அப்படி நம்பத்தக்க கோடு எதுவும் வெளியே இல்லை. முன்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு அதை வயிற்றுச் சுவரோடு பிடித்திருக்கிறது. அதை எல்லையாக வைத்து வலது மடல், இடது மடல் என்று நெடுங்காலம் பிரித்துவந்தார்கள். பார்வைக்குச் சரியாக இருந்த அந்தப் பிரிவு உள்ளே போனால் தப்பு. ரத்தக்குழாய்கள் அந்தக் கோட்டில் பிரிவதில்லை. அதை நம்பி வெட்டினால், விட்டுவைத்த பக்கத்துக்குப் போகும் குழாயையே அறுத்துவிட நேரும். ரத்தம் போகாத துண்டு அழுகும். பித்தநாளம் அறுபட்டால் வயிற்றுக்குள் பித்தம் கசியும். ஜெர்மனியில் கார்ல் லாங்கன்புக் 1888-இலேயே கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். இருந்தும் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு இந்த அறுவை அபூர்வமாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

குவினோவுக்கு முன்பே சிலர் நெருங்கி வந்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கிளிசன் 1654-இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: போர்ட்டல் சிரை, தமனி, பித்தநாளம் மூன்றும் ஒரே உறைக்குள் ஒன்றாகப் பயணிக்கின்றன. ஹாங்காங்கில் வேலை பார்த்த ஜேம்ஸ் கேன்ட்லி 1897-இல், பித்தப்பைக் குழியிலிருந்து பின்னால் இருக்கும் கீழ்ப்பெருஞ்சிரை (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) வரை இழுக்கும் கோடுதான் வலதுக்கும் இடதுக்கும் நடுவே உள்ள உண்மையான எல்லை என்று எழுதினார். வலது பாதி நோயால் சுருங்கி, இடது பாதி பெருத்துப்போன ஒரு கல்லீரலைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்ததுதான் அதற்கு அடிப்படை. சுருக்கமும் பெருக்கமும் அந்தக் கோட்டில் வந்து நின்றிருந்தன.

மூன்றாவது பெயர் நமக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது. வியட்நாமின் ஹனோய் நகரில் தோன் தட் துங் என்ற இளம் மருத்துவர், 1930-களில், பித்தநாளங்கள் முழுக்க உருண்டைப் புழுக்கள் அடைத்துக் கிடந்த ஒரு கல்லீரலை அறுத்துப் பார்த்தார். புழுக்கள் உள்ளே இருந்ததால் நாளங்கள் விரிந்து, கிளைகள் ஒவ்வொன்றும் எங்கே போகின்றன என்று தெளிவாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் சில ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட கல்லீரல்களை, சதையைச் சுரண்டிச் சுரண்டிக் குழாய்களை மட்டும் நிறுத்தி, ஆராய்ந்தார். வசதி குறைந்த ஒரு காலனி நாட்டு ஆஸ்பத்திரியில் நடந்த இந்த உழைப்புக்கு உரிய இடம் பாடப்புத்தகங்களில் இன்னும் கிடைக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

குவினோ இதை முழுமையாக்கினார். அவர் கையாண்டது வார்ப்பு முறை. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லீரல்களின் குழாய்களுக்குள் பிளாஸ்டிக் செலுத்தி, சதையை அமிலத்தில் கரைத்து, குழாய்களின் வடிவத்தை மட்டும் கெட்டியாக நிற்க வைத்தார்.

இந்த முறை இன்றும் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைகளில் நடக்கிறது. மாணவர்கள் செய்து பார்க்கக்கூடியது. முதல் நிபந்தனை, கல்லீரல் புதிதாக இருக்க வேண்டும். ஃபார்மலின் ஏறிய உறுப்பு இதற்கு உதவாது. சதை இறுகிவிடும், பிறகு அமிலத்தில் சரியாகக் கரையாது, சிறு குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்ளும். உறுப்பை எடுத்ததும் போர்ட்டல் சிரை, தமனி, பித்தநாளம், கல்லீரல் சிரை ஒவ்வொன்றிலும் குழாய் செருகி நூலால் கட்டி, வெளியேறும் நீர் தெளிவாகும் வரை கழுவ வேண்டும். ஒரு ரத்தக்கட்டி உள்ளே தங்கினால் அதற்கு அப்பால் உள்ள கிளை முழுவதும் வார்ப்பில் காணாமல் போகும். பார்ப்பவர் அங்கே கிளையே இல்லை என்று நினைத்துவிடுவார். பிறகு அசிட்டோனில் கரைத்த பிளாஸ்டிக்கை, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நிறமாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் நுண்குழாய் வெடித்துப் பிளாஸ்டிக் சதைக்குள் பரவி உருண்டை கட்டும். அழுத்தம் குறைந்தால் தடித்த கிளைகள் மட்டும் நிரம்பும். அசிட்டோன் ஆவியாக ஆக உள்ளே இருப்பது சுருங்கும் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் கொஞ்சம் செலுத்தி நிரப்ப வேண்டும். இதை மறந்தால் வார்ப்பு நடுநடுவே அறுந்து உதிரும். கெட்டியானபின் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாட்கள் ஊறப்போட்டு, கரைந்த சதையை மெல்லிய நீர்த்தாரையில் கழுவி எடுப்பார்கள். கடைசிக் கழுவலில்தான் அதிகம் உடையும். தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்தால் நுனிக் கிளைகள் எல்லாம் போய்விடும்.

இப்படி நிமிர்ந்து நின்ற வார்ப்புகளில் குவினோ கண்டது என்ன? இரண்டு கையின் விரல்களையும் கோத்துப் பாருங்கள். ஒரு கையின் விரல்கள் கீழிருந்து வரும் போர்ட்டல் கிளைகள். மறு கையின் விரல்கள் மேலே போய் இதயத்துக்கு ரத்தம் தரும் கல்லீரல் சிரைகள். ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நிற்கிறது. போர்ட்டல் கிளை ஒவ்வொரு துண்டின் நடுவிலும் புகுந்து அதற்கு ரத்தம் கொடுக்கிறது. கல்லீரல் சிரைகள் துண்டுகளுக்கு இடையே உள்ள எல்லையில் ஓடுகின்றன. வெளியே தேடிக் கிடைக்காத எல்லைக்கோடு உள்ளே, அந்தச் சிரைகளில் இருந்தது. தனக்கென ஒரு போர்ட்டல் கிளையும், ஒரு தமனிக் கிளையும், ஒரு பித்தநாளமும் உள்ள துண்டுதான் செக்மென்ட். பக்கத்துத் துண்டுக்குக் கேடு இல்லாமல் அதைத் தனியாக எடுக்க முடியும்.

ஒரு தாளில் வரைந்து பார்த்தால் எண்கள் பிடிபடும். நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டு அகலமான ஒரு கல்லீரல் வரையுங்கள். அவருடைய வலது நம் இடது கைப்பக்கம் வரும். மேலிருந்து கீழாக மூன்று கோடுகள் போடுங்கள்: இவை வலது, நடு, இடது கல்லீரல் சிரைகள். நடுக்கோடுதான் கேன்ட்லி சொன்ன கோடு. போர்ட்டல் சிரை இரண்டாகப் பிரியும் மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இப்போது நம் வலது கைப்பக்க மேல்மூலையில் 2, அதன் கீழே 3. இடது கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே மேலும் கீழும் சேர்ந்து 4. மேல்பாதியை 4ஏ என்றும் கீழ்ப்பாதியை 4பி என்றும் சொல்வார்கள். நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே 5, அதற்கடுத்துக் கீழே 6, அதற்கு மேலே 7, திரும்பி நடுப்பக்கம் வந்தால் 8. கடிகார முள் சுற்றும் திசையில் எண்கள் ஓடுகின்றன. 1 எங்கே? அது இந்தப் படத்தில் தெரியாது. பின்னால், கீழ்ப்பெருஞ்சிரையை அணைத்தபடி ஒளிந்திருக்கிறது.

உடம்பில் வைத்துச் சொன்னால், 2-உம் 3-உம் இரைப்பைக்கு மேலே, நெஞ்சுக்குழிப் பக்கம். 4-உம் 5-உம் பித்தப்பைக்கு இருபுறமும். 6 வலது சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. 7-உம் 8-உம் உதரவிதானத்துக்கு அடியில், விலா எலும்புகளுக்குள் மறைந்தவை. (இடது கோட்டை எங்கே போடுவது என்பதில் குவினோவுக்கும் அமெரிக்க மருத்துவர்களுக்கும் சிறு வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் அது தேவையில்லை.)

சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்க்கும்போது கால்பக்கத்திலிருந்து மேலே பார்ப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். போர்ட்டல் பிரியும் இடத்துக்கு மேலே உள்ள துண்டுப்படங்களில் 2, 4ஏ, 8, 7; கீழே உள்ளவற்றில் 3, 4பி, 5, 6. இந்த இரண்டு வரிசையும் மனப்பாடம் ஆனால் படம் பாதி புரிந்துவிடும்.

எல்லையில் ஓடும் குழாயையும் நடுவில் ஓடும் குழாயையும் எப்படிப் பிரித்து அறிவது? ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் வாங்கும் ஆட்டீரலே போதும். ஆட்டின் கல்லீரல் பிரிவுகள் மனிதருடையவை போல அப்படியே இருக்காது. ஆனால் குழாய்களின் தன்மை ஒன்றுதான். கூரான கத்தியால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டி, ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சில துளைகள் தனியாக, மெல்லிய சுவரோடு, வாய் பிளந்து நிற்கும். அவை கல்லீரல் சிரைகள். சுவர் சதையோடு ஒட்டியிருப்பதால் அவை சுருங்குவதில்லை. வேறு சில துளைகளைச் சுற்றி வெள்ளையாகத் தடித்த உறை இருக்கும், பக்கத்திலேயே இன்னும் ஒன்றிரண்டு சிறு துளைகள் தெரியும். அதுதான் கிளிசன் சொன்ன உறை: போர்ட்டல் கிளை, தமனி, பித்தநாளம் மூன்றும் ஒரே கட்டில். அல்ட்ராசவுண்ட் திரையிலும் இதே அடையாளம்தான். உறையுள்ள போர்ட்டல் கிளையின் சுவர் வெள்ளைக் கோடாக மின்னும். கல்லீரல் சிரைக்கு அப்படிக் கோடு அநேகமாகத் தெரியாது.

ஈரலில் தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கொப்புளம் இருந்தால் அதைத் தெருநாய்க்குப் போடாதீர்கள். ஹைடாடிட் எனப்படும் நாடாப்புழுவின் கட்டியாக அது இருக்கலாம். நாயின் குடலில் புழுவாகி, அதன் மலத்தின் வழியாக மறுபடி ஆட்டுக்கும் மனிதருக்கும் வரும். ஆடு வளர்ப்பு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். புதைப்பதோ எரிப்பதோதான் சரி.

செக்மென்ட் 1 தனிப் பிறவி. அதற்கு வலதிலிருந்தும் இடதிலிருந்தும் ரத்தம் வருகிறது. வெளியேறும் ரத்தம் மூன்று பெரிய சிரைகளுக்குப் போகாமல், சின்னச் சின்ன வழிகளில் நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. இதனால்தான் மூன்று பெரிய சிரைகளும் அடைத்துக்கொள்ளும் பட்-கியாரி நோயில் மற்ற பகுதிகள் நலிய, 1 மட்டும் பெருத்து நிற்கும். குடியால் வரும் சிரோசிஸிலும் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) வலது பக்கம் சுருங்கி 1 பெருத்திருப்பதை ஸ்கேனில் அடிக்கடி காணலாம். அறுவையில் 1-ஐத் தொடப் பலரும் தயங்குவதற்கும் அந்தச் சின்னச் சின்னச் சிரைகளே காரணம். ஒன்று கிழிந்தாலும் ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்தே வரும்.

இந்த வரைபடத்தால் அறுவை அரங்கில் கிடைத்த பயன் கணக்காகவே தெரியும். 5 முதல் 8 வரை உள்ள வலது பாதி மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம். 2-உம் 3-உம் சேர்ந்து 15 முதல் 20 சதவீதம். ஆரோக்கியமான கல்லீரலில் குறைந்தது 20 சதவீதமாவது விட்டுவைக்க வேண்டும்; புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்கு 30, சிரோசிஸ் உள்ளவருக்கு 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் மிச்சமுள்ள கல்லீரல் தாங்காது. சில நாட்களில் மஞ்சள் காமாலை ஏறி, வயிற்றில் நீர் சேர்ந்து, நோயாளி சரிந்துவிடுவார். சிரோசிஸ் உள்ளவருக்கு 6-ஆம் செக்மென்ட்டில் சிறிய கட்டி என்றால், வலது பாதியைத் தொடாமல் 6-ஐ மட்டும் எடுத்துவிட்டு வெளியே வரலாம். எண்கள் வருவதற்கு முன் இந்த யோசனைக்கே இடமில்லை.

வெட்டும்போது ரத்தத்தைக் குறைக்க, கல்லீரலுக்குள் நுழையும் கட்டு முழுவதையும் கவ்வியால் பிடிப்பது 1908-இல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் சொன்ன உத்தி. 15 நிமிடம் பிடித்து 5 நிமிடம் விடுவது வழக்கம். குவினோவின் எண்கள் வந்தபின் முழுக் கட்டையும் பிடிக்காமல் ஒரு செக்மென்ட்டின் கிளையை மட்டும் கட்டவும் முடிந்தது. கட்டியதும் அந்தத் துண்டு மட்டும் நிறம் மங்கிக் கருநீலமாக மாறும். வெளியே இல்லாத எல்லை சில நிமிடங்களில் கண்முன்னே வந்து நிற்கும். அந்த நிறக்கோட்டை மின்கத்தியால் குறித்துக்கொண்டு அதன்மேல் போவார்கள்.

தானமாகத் துண்டு கொடுப்பதும் இதன் தொடர்ச்சிதான். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் ஒரு தாயின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1998-இல் டெல்லியில் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரல் துண்டு பொருத்தப்பட்டது. குழந்தைக்குக் கொடுப்பது வழக்கமாக 2-உம் 3-உம் சேர்ந்த பகுதி; பெரியவருக்கு அது போதாது, வலது பாதி தேவைப்படும். பெறுபவரின் உடல் எடையில் 0.8 சதவீதமாவது துண்டின் எடை இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 கிராம்.

குவினோவின் இன்னொரு பங்களிப்பு அதிகம் பேசப்படாதது. பித்தப்பை அறுவையில் தவறுதலாகப் பொதுப் பித்தநாளம் வெட்டுப்பட்டால் அதைச் சீராக்குவது மிகக் கடினம். தழும்பில் தைத்தால் மறுபடி சுருங்கும். வலது பித்தநாளம் கல்லீரலுக்கு வெளியே மிகக் குட்டை. ஆனால் இடது நாளம் 4-ஆம் செக்மென்ட்டின் அடியில், ஒரு நார்த்தகட்டுக்குக் கீழே, சில சென்டிமீட்டர் தூரம் வெளியே ஓடுகிறது என்று குவினோ காட்டினார். அந்தத் தகட்டை இறக்கினால் தழும்பில்லாத, அகலமான நாளம் கிடைக்கும். அதில் சிறுகுடலைச் சேர்த்துத் தைக்கலாம். 1956-இல் ஹெப் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய இந்த வழி, லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவை ஊர் ஊராகப் பரவிவிட்ட இன்றும் பலரைக் காப்பாற்றுகிறது.

கையில் ரிப்போர்ட் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவை சில. 7, 8-இல் உள்ள சீழ்க்கட்டிக்கு ஊசி போடும்போது நுரையீரல் உறை குறுக்கே வரும், வழியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2, 3-இல் உள்ள அமீபா சீழ்க்கட்டி சின்னதானாலும் அலட்சியம் கூடாது. மேலே இருக்கும் இதய உறைக்குள் வெடிக்கும் அபாயம் உண்டு. ஹைடாடிட் சந்தேகம் இருந்தால் அவசரப்பட்டு ஊசி குத்தக் கூடாது. கசிந்தால் கடும் ஒவ்வாமை வரும். அல்ட்ராசவுண்டில் 7 என்றும் சி.டி.யில் 8 என்றும் வந்தால் பதற வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடிக்கும் அளவைப் பொறுத்துக் கல்லீரல் சில சென்டிமீட்டர் இறங்கும், அடுத்தடுத்த எண்களின் எல்லை பார்ப்பவரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. மேல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு சி.டி. படங்கள் அடங்கிய டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். எல்லைகளை அவர்கள் தங்கள் கண்ணால் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

குவினோ தன் வரைபடத்தையே விடாமல் சோதித்தார். பிற்காலத்தில் 1-இன் வலப்புறப் பகுதியைப் பிரித்து 9 என்று பெயரிட்டார். அதற்கெனத் தனியான குழாய்களும் எல்லையும் உறுதிப்படவில்லை. 2002-இல், எண்பது வயதில், அந்த 9-ஐக் கைவிட வேண்டும் என்ற கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியராகக் கையெழுத்திட்டார். எட்டு எண்களும்கூட எல்லோருக்கும் அச்சடித்தாற்போல அமைவதில்லை. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் போர்ட்டல் சிரை வேறு விதமாகப் பிரிகிறது. நான்கில் ஒருவருக்காவது தமனி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. தானம் கொடுக்க முன்வருபவருக்குச் சி.டி.யும் பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, அவருடைய குழாய்களை ஒவ்வொன்றாக வரைந்து பார்த்த பிறகே தேதி குறிக்கிறார்கள். சில சமயம் உடல்நலம் முழுக்கச் சரியாக இருந்தும், குழாய் பிரியும் விதத்தால் மட்டுமே ஒருவரை வேண்டாம் என்று சொல்ல நேர்கிறது.